முப்பது விநாடியில் காணாமல் போன கோடு

எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. புது விதையை உருவாக்கியவர் எவரோ, அதை முதலில் சோதிக்க வேண்டியவரும் அவரே. வெளியாட்கள் சோதிப்பதெல்லாம் அதற்கப்புறம்தான். இதைக் கொண்டுவந்தது இங்கே பாதுகாப்புச் சோதனைகளுக்குப் பொறுப்பான டாக்டர் உலகம்மாள். தென்காசிக்காரர், வயது நாற்பத்தொன்று. அதிகம் பேச மாட்டார். பேசினால் எதிரே இருப்பவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

என் பெயர் மிக்கேல். சோதனை எலிகளுக்குத் தீனி வைப்பது, எடை பார்ப்பது, கூண்டு கழுவுவது என் வேலை. இருபத்திரண்டு வருஷமாகச் செய்கிறேன். எலி மிக்கேல் என்று கேட்டால்தான் கயத்தாற்றில் வழி சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். எலிகள் பெரிய மனுஷப் பேச்சுப் பேசாது, எனக்கு அதுவே நிம்மதி.

தளவாய் சார் எங்களிடம் வந்தது ஒரு ஜூன் மாதம். அவருக்கு அப்போது ஐம்பத்தொன்பது முடிந்திருந்தது. பயிர் ஆராய்ச்சிக்காரர். பதினான்கு வருஷம் ஒரே ஒரு தட்டைப்பயற்றோடு மல்லுக்கட்டியவர். தட்டைப்பயற்றைக் காய்ப்புழு விடாது. இவர் மண்ணில் வாழும் ஒரு கிருமியின் மரபணுவை எடுத்துச் செடிக்குள் வைத்தார். அதனால் செடியில் ஒரு புதுப் புரதம் உண்டாகும். அதைத் தின்ற புழுவின் குடல் கெட்டுப் புழு சாகும், காய் பிழைக்கும். அதே காயை மனுஷன் தின்றால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

அனுமதி தரும் கமிட்டிக்குக் கோப்பு போய்ச் சேரக் கடைசி நாள் அக்டோபர் இருபது. அதை விட்டால் அடுத்த வருஷம் அக்டோபர். ஆனால் டிசம்பர் முடிவில் தளவாய் சாருக்கு ஓய்வு. அவருக்குப் பின்னால் அந்தத் திட்டத்தை எடுத்து நடத்த ஆள் இல்லை, மூடிவிடுவோம் என்று மேலிடத்திலிருந்து எழுதியே அனுப்பிவிட்டார்கள். ஆக, இந்த அக்டோபரில் போனால் பதினான்கு வருஷ உழைப்பு பிழைக்கும். போகாவிட்டால் பரணுக்குப் போகும்.

முதல் நாள் அவர் உள்ளே வந்த தோரணை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. தன் கடைசித் தங்கை வயசுப் பெண்ணிடம் பாடம் கேட்க வந்திருக்கிறோம் என்பது அவர் நடையிலேயே தெரிந்தது.

"வணக்கம் டீச்சர்" என்றார். கிண்டல்தான்.

"வாங்க அண்ணாச்சி."

"ஒரு புரதம் மனுஷனுக்கு ஒண்ணும் செய்யாதுன்னு எப்படி டீச்சர் கண்டுபிடிக்கிறது?"

"கண்டுபிடிக்க முடியாது."

"பின்ன எதுக்கு இத்தனை மிஷினு?"

"ஏதாவது செய்யுமான்னு தேடலாம். உக்காருங்க."

தேட ஆரம்பித்தார்கள்.

முதலில் கம்ப்யூட்டர். நிலக்கடலை, இறால், முட்டை என்று சிலருக்கு ஒத்துக்கொள்ளாத சாப்பாடுகள் இருக்கின்றனவே, தின்றதும் உதடு வீங்கும், மூச்சு அடைக்கும். அந்த வேலையைச் செய்யும் புரதங்களுக்கு ஒரு பெரிய பட்டியல் வைத்திருக்கிறார்கள். புதுப் புரதத்தின் சாயல் அவற்றில் எதற்காவது இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தளவாய் சார் மூன்று நாள் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். ஒன்றோடும் ஒத்துப்போகவில்லை.

அடுத்தது என் எலிகள். அந்தப் புரதத்தை மனுஷன் ஒரு நாளில் தின்னக்கூடியதைப்போலப் பல ஆயிரம் மடங்கு கரைத்து எலிகளுக்குப் புகட்டினோம். பதினான்கு நாள் கவனிக்க வேண்டும். மகளைப் பிரசவத்துக்குச் சேர்த்தவர் மாதிரி தினமும் காலையில் வந்து நிற்பார்.

"என்ன மிக்கேல், எல்லாரும் சௌக்கியமா?"

"சௌக்கியம் அண்ணாச்சி. நீங்கதான் மெலிஞ்சிட்டீங்க."

எலி ஒன்றுகூடச் சாகவில்லை. எடை கூடியது. தளவாய் சார் எனக்கு ஒரு கிலோ கருப்பட்டி மிட்டாய் வாங்கித் தந்தார். எனக்குச் சர்க்கரை வியாதி. ஆனாலும் மனசு கேட்காமல் இரண்டு தின்றேன்.

மூன்றாவதுதான் வயிற்றுச் சாறு. நம் வயிற்றில் இருப்பதைப்போலவே அமிலமும் நொதியும் கலந்து ஒரு கண்ணாடிக் குழாயில் செய்வார்கள். உடம்புச் சூட்டில் வைத்து அதில் புரதத்தை விடுவார்கள். வயிறு உடைக்கிற புரதம் பெரும்பாலும் வம்பு பண்ணாது. உடையாமல் குடல்வரை போகிறதைத்தான் சந்தேகப்பட வேண்டும். அரை நிமிஷம், ஒரு நிமிஷம், ஐந்து, பத்து என்று ஒரு மணி நேரம்வரை சொட்டுச் சொட்டாக எடுத்து நிறுத்தி வைப்பார்கள்.

எடுத்ததை ஜெல்லில் ஓட்ட வேண்டும். ஜெல் என்பது இரண்டு கண்ணாடிக்கு நடுவில் உறைந்து நிற்கும் கூழ். அதை உப்புத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி, மேல்விளிம்பில் உள்ள குழிகளில் சொட்டு விட்டு மின்சாரம் கொடுத்தால் புரதம் கீழ்நோக்கி ஓடும். பெரியது தட்டுத் தடுமாறி மேலேயே நிற்கும். சின்னது விறுவிறு என்று கீழே போகும். எவ்வளவு தூரம் ஓடியது என்று கண்ணுக்குத் தெரிய, சொட்டில் ஓர் அடையாளச் சாயமும் கலந்திருப்பார்கள். பிறகு ஜெல்லை வேறொரு சாயத்தில் ஊறப்போட்டால் புரதம் நின்ற இடத்திலெல்லாம் நீலக் கோடு தெரியும்.

அக்டோபர் ஆறாம் தேதி தளவாய் சார் படத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். படிக்கட்டில் செருப்பு ஒன்று கழன்றுவிட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. அவர் பின்னாலேயே நான் செருப்பை எடுத்துக்கொண்டு போனேன்.

"டீச்சர், போச்சு! முப்பதே செகண்டு!"

டாக்டர் உலகம்மாள் படத்தை வாங்கினார். முதல் குழியில் புரதத்தின் கோடு தடித்து நின்றது. அரை நிமிஷக் குழியில் அது இல்லை. அதற்கப்புறம் எந்தக் குழியிலும் இல்லை. நொதியின் கோடு மட்டும் எல்லாக் குழியிலும் ஒரே சீராக இருந்தது. சுத்தமான படம், ஓரமெல்லாம் ஒட்ட வெட்டி அழகாக இருந்தது.

"எங்க போச்சு?" என்றார்.

"செரிச்சுப் போச்சு."

"செரிச்சதைப் பாத்தீங்களா?"

"கோட்டைக் காணோம்லா?"

"காணோம், சரி. நான் கேட்டது எங்க போச்சுன்னு."

"அதான் சொல்லுதேனே, செரிச்சு..."

"எங்க போச்சுன்னு தெரிஞ்சதும் வாங்க. கையெழுத்துப் போடுறேன்."

படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு காகிதத்தைப் புரட்ட ஆரம்பித்தார். தளவாய் சார் நேராக எலிக்கூடத்துக்கு வந்தார். முகம் கறுத்துப் போயிருந்தது.

"மிக்கேல், இந்தம்மாவுக்கு என்மேல என்ன கோவம்?"

"கோவமெல்லாம் இருக்காது அண்ணாச்சி. அவங்க எல்லாருகிட்டயும் அப்படித்தான்."

"காணாமப் போனது எங்க போச்சுன்னு கேட்டா? நான் என்ன மந்திரவாதியா? இருபதாம் தேதிக்கு இன்னும் ரெண்டே வாரம்தான் இருக்கு. இந்த நேரத்துல விடுகதை போடுதாங்க!"

எனக்கும் அவர் சொல்வது சரி என்றுதான் பட்டது. கேட்டதற்கு நேராக ஒரு பதில் சொன்னால் டாக்டரம்மாவின் வாய் தேய்ந்தா போகும்?

இரண்டு நாள் கழித்துக் காலையில் டாக்டரம்மா என்னிடம் வந்தார்.

"மிக்கேல் அண்ணன், உங்க இன்சுலின்ல ரெண்டு சொட்டு கிடைக்குமா?"

"ஐயையோ, உங்களுக்கும் சர்க்கரை வந்துட்டா?"

"எனக்கில்லை. ஒருத்தருக்குக் காட்டணும்."

டீ அறை ஃப்ரிட்ஜிலிருந்து குப்பியை எடுத்துக் கொடுத்தேன். அவர் ஊசியில் கொஞ்சம் எடுத்து, பெயர் ஒட்டாத ஒரு சின்னக் குழாயில் விட்டார். தளவாய் சாரைக் கூப்பிட்டு அதை அவர் கையில் கொடுத்தார்.

"இதை ஓட்டுங்க. உங்க ஜெல், உங்க முறை, ஒண்ணும் மாத்த வேண்டாம். உள்ள என்ன இருக்குன்னு நோட்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டாங்க."

"இதுல என்ன இருக்கு?"

"அதைத்தான் நீங்க எழுதப்போறீங்க."

மறுநாள் சாயந்தரம் தளவாய் சார் நோட்டோடு வந்தார். நல்ல கையெழுத்து அவருக்கு. 'மூன்றாம் குழி: ஒன்றும் இல்லை. வெறும் நீராக இருக்கலாம்.' கீழே கையெழுத்து, தேதி.

டாக்டரம்மா இரண்டு முறை படித்தார்.

"உறுதியா?"

"நூத்துக்கு நூறு. என்னைய ஏமாத்தலாம்னு வெறுந்தண்ணியக் குடுத்திருக்கீங்க."

"மிக்கேல் அண்ணனைக் கூப்பிடுங்க."

நான் வாசலில்தான் நின்றேன். எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை இருக்காதா?

"அண்ணன், நேத்து எனக்கு என்ன தந்தீங்க?"

"இன்சுலின்."

"அண்ணாச்சி, இன்சுலின்னா என்ன?"

தளவாய் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"புரதம்" என்றார் கடைசியில். "சின்னப் புரதம்."

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அண்ணாச்சி, நீங்க ஒண்ணுமில்லைன்னு எழுதினதை நான் நாலு நாள் போடாம விட்டா, என்னைத் தூக்கிட்டுத்தான் போகணும்."

சொன்ன பிறகு ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது. மனுஷர் முகத்தில் ரத்தமே இல்லை. நோட்டில் தான் எழுதிய வரியை விரலால் தடவினார்.

"எங்க போச்சு?" இந்தத் தடவை கேட்டது அவர்.

"எவ்வளவு நேரம் ஓட்டினீங்க?"

"அடையாளச் சாயம் அடிக்கு வந்தப்புறம் இன்னும் அரை மணி நேரம் விட்டேன்."

"ஏன்?"

"கோடெல்லாம் நெருக்கமா இருந்திச்சு. எனக்கு நெருக்கம் பிடிக்காது. வரிசைக்கு வரிசை இடம் விட்டாத்தான பயிரு தெளிவாத் தெரியும்? அப்படியே பழகிட்டேன்."

வயலில் நாற்பது வருஷம் இடைவெளி விட்டு விதைத்த கை. ஜெல்லிலும் இடைவெளி விட்டிருக்கிறது. பெரிய கோடுகள் நன்றாக விலகி நின்றிருக்கின்றன. சின்னவை அதற்குள் ஜெல்லையே தாண்டி அடித் தொட்டித் தண்ணீரில் விழுந்துவிட்டன. தொட்டித் தண்ணீரை எல்லாரும் செய்வதுபோல அவரும் சாக்கடையில் ஊற்றிவிட்டார்.

"சின்னது தப்பிக்காத ஜெல் ஒண்ணு இருக்கா, டீச்சர்?" என்று கேட்டார். அந்த 'டீச்சர்'இல் கிண்டல் இல்லை.

"இருக்கு. கீழ போகப் போக இறுக்கமா இருக்கும். நாளைக்கு ஊத்தக் கத்துத் தர்றேன்."

கற்றுக்கொடுத்தார். தளவாய் சார் தன் கையாலேயே ஊற்றினார். அடையாளச் சாயம் அடியிலிருந்து இரண்டு விரல் மேலே இருக்கும்போதே மின்சாரத்தை நிறுத்தினார். நீலத்தில் ஊறப்போட்டு, மறுநாள் அலசிக் கழுவி வெளிச்சப் பலகையில் வைத்தார். நானும் எட்டிப் பார்த்தேன்.

மேலே முன்பு மாதிரியேதான். தடித்த கோடு அரை நிமிஷத்தில் போய்விட்டது. ஆனால் அடியில், எலி வால் பருமனில் மங்கலாக ஒரு கோடு. அரை நிமிஷக் குழியில் இருந்தது. ஐந்து நிமிஷக் குழியில் இருந்தது. ஒரு மணி நேரக் குழியிலும் அப்படியே இருந்தது. நொதி மட்டும் விட்ட குழியில் அது இல்லை. ஆக, புரதத்தில் ஒரு துண்டு உடையாமல் நின்றிருக்கிறது.

தளவாய் சார் மூன்று தடவை திரும்பத் திரும்ப ஓட்டினார். மூன்று தடவையும் அது வந்து நின்றது. அதற்குள் பதினைந்தாம் தேதி ஆகிவிட்டது.

அன்றைக்கு மத்தியானம் டாக்டரம்மா அறையில் நடந்த பேச்சு கதவைத் தாண்டி எனக்குக் கேட்டது. ஒட்டுக்கேட்கவில்லை. தளவாய் சார் குரல் அப்படி.

"இந்தத் துண்டு ஒண்ணும் செய்யாமலும் இருக்கலாம்லா?"

"இருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்."

"பின்ன?"

"பெரும்பாலும்னு எழுதி அனுப்புறீங்களா?"

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"நானே தின்னு காட்டுதேன், டீச்சர். ஒரு படி அவிச்சு, தேங்கா போட்டுச் சுண்டலாக்கி, உங்க கண்ணு முன்னால தின்னுதேன்."

"தின்னா உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. தளவாய் தின்னார், தளவாய்க்கு ஒண்ணும் ஆகலைன்னு நானும் கையெழுத்துப் போடுவேன். ஆனா நாட்டுல எத்தனை தளவாய் இருக்காங்க?"

"அப்ப யாருக்கு ஆகும்னு சொல்லுதீங்க?"

"தெரியலை. பயறு ஒத்துக்காதவங்க சில பேர் இருக்காங்க. அவங்க ரத்தத்தை வாங்கி, இந்தத் துண்டை அது அடையாளம் கண்டுக்குதான்னு பாக்கணும்."

"எவ்வளவு நாளாகும்?"

"எட்டு மாசம். ஒம்பதும் ஆகலாம்."

இங்கேதான் தளவாய் சார் மேசையைத் தட்டினார்.

"ஒம்பது மாசம்! இந்த ஒம்பது மாசத்துல ஒவ்வொரு சம்சாரியும் பயறுக்கு எத்தனை தடவை மருந்தடிப்பான் தெரியுமா? எட்டுத் தடவை. மூக்குல துண்டக் கட்டிக்கிட்டு அடிக்கான். அடிச்சிட்டு வாந்தி எடுக்கான். அந்த விஷத்தையும்தான் ஜனங்க சேத்துத் தின்னுது. அதை எந்த ஜெல்லுல ஓட்டிப் பாத்தீங்க? என் பயறு வந்தா அதுல பாதிக்கு மேல நிக்கும். அந்த உசுரெல்லாம் உங்களுக்குக் கணக்கில்லையா?"

டாக்டரம்மா பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டார். எங்கள் ஆய்வகத்துக்கு வந்த இத்தனை வருஷத்தில் அவர் திணறி நான் பார்த்ததில்லை. அன்றைக்குத் திணறினார் என்றுதான் நினைக்கிறேன்.

"நியாயம், அண்ணாச்சி" என்றார்.

"அப்ப?"

"அதையும் எழுதுங்க. எத்தனை தடவை அடிக்கிறாங்க, எவ்வளவு நிக்கும், எல்லாம் எழுதுங்க. ஆனா அதை எழுதுறதால இந்தக் கோடு அழியாது."

"நம்ம டைரக்டர் முதல் படமே போதும்ங்கார். அவர் கையெழுத்துப் போடத் தயாரா இருக்கார்."

"தெரியும்."

"சட்டத்துல எந்த ஜெல்லுன்னு ஒண்ணும் சொல்லலையாம். முதல் படம் பொய் இல்லைங்கார். அதுல இருக்கது அதுல இருக்கத்தான செய்யுது?"

"பொய் இல்லைதான்."

"அதை அனுப்பினா நீங்க என்ன செய்வீங்க?"

"இங்க முதல் கையெழுத்து விதையை உண்டாக்கினவரோடது. அது விழாம டைரக்டரும் போட முடியாது, நானும் போட முடியாது. உங்ககிட்ட ரெண்டு படம் இருக்கு. நீங்க போட்டப்புறம் என்கிட்ட வாங்க."

அவ்வளவுதான். எனக்குக் கோபமான கோபம். நீ இதைச் செய் என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தால் அந்த மனுஷர் பாரம் கொஞ்சம் இறங்குமே. பழி டீச்சர்மேல் என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குவாரே. அதைக்கூடத் தரவில்லை.

பத்தொன்பதாம் தேதி காலையில் தளவாய் சார் எலிக்கூடத்துக்கு வந்து மோடாவில் உட்கார்ந்தார். சவரம் செய்திருக்கவில்லை. மடியில் இரண்டு படமும் இருந்தன.

"மிக்கேல், நீ என்ன சொல்லுதே?"

"எலி செத்துச்சா பொழச்சுச்சான்னு கேளுங்க, சொல்லுதேன். இதையெல்லாம் என்கிட்டக் கேக்காதீங்க அண்ணாச்சி."

"சும்மா சொல்லுப்பா."

"எனக்கு உங்க பயறு வரணும்னு ஆசை. அவ்வளவுதான் தெரியும்."

"எனக்கும் அதே ஆசைதான்" என்றார்.

வெளியே காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. ஐப்பசியில் எங்கள் பக்கம் காற்று அடங்கிவிடும், அன்றைக்கு என்னவோ கொஞ்சம் இருந்தது. அவர் ரொம்ப நேரம் ஜன்னல் பக்கமே பார்த்தார். அப்புறம் என் பேனாவைக் கேட்டார். எடை எழுதுகிற பேனா, கொஞ்சம் திக்கும். இரண்டாவது படத்தின் கீழே, எலிக்கூண்டின்மேல் வைத்தே எழுதினார். 'ஒரு சிறு துண்டு அறுபது நிமிடம் வரையிலும் சிதையவில்லை. அது தீங்கு செய்யுமா என்பது தெரியாது. மேலும் சோதிக்க வேண்டும்.' கையெழுத்துப் போட்டார். பேனா திக்கியதால் 'ய்' மேல் புள்ளி விழவில்லை. திரும்ப அழுத்தி வைத்தார்.

டாக்டரம்மா அதை வாங்கிப் படித்துவிட்டுப் பக்கத்திலேயே தன் கையெழுத்தைப் போட்டார். சபாஷ் என்றாவது சொல்வார் என்று நான் நின்று பார்த்தேன். மூச்! "இருபதுக்குள்ள போயிடும்" என்று மட்டும் சொன்னார். டைரக்டர் தளவாய் சாரிடம் அதற்கப்புறம் பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

நாங்கள் எதிர்பார்த்ததைத்தான் கமிட்டி எழுதியது. கூடுதல் சோதனை தேவை, அடுத்த வருஷக் கூட்டத்தில் பார்க்கலாம். டிசம்பர் முதல் வாரத்தில் மேலிடத்துக் கடிதமும் வந்தது. திட்டம் மூடப்படுகிறது.

மூடினால் வலைக்கூடத்துக்குள் நிற்கும் செடியைப் பிடுங்கி எரித்துவிட வேண்டும். அது விதி. விதையை மட்டும் உறையில் போட்டுக் குளிர் அறையில் வைப்பார்கள். பிடுங்க ஆள் கூப்பிடட்டுமா என்று கேட்டதற்குத் தளவாய் சார் வேண்டாம் என்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே பிடுங்கினார். நான் கூடப் போனேன். காயெல்லாம் தளதளவென்று இருந்தது, ஒன்றில்கூடப் புழு ஓட்டை கிடையாது. நான் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. மண்ணை உதறி உதறிக் குவித்துத் தீ வைத்தார்.

டிசம்பர் முப்பத்தொன்று அவருக்குக் கடைசி நாள். மாலை, பொன்னாடை எல்லாம் முடிந்து, டாக்டரம்மா அறைக்குச் சொல்லிக்கொள்ள வந்தார். நான் டீ கொண்டுபோனேன். போகாமல் ஓரமாக நின்றுகொண்டேன். யாரும் போகச் சொல்லவில்லை.

"வர்றேன் டீச்சர்."

"உக்காருங்க. டீ குடிச்சிட்டுப் போகலாம்."

உட்கார்ந்தார். டீயைத் தொடவில்லை.

"பதினாலு வருஷம். கையில ஒரு காய்கூட மிஞ்சல."

டாக்டரம்மா திறந்திருந்த கோப்பை மூடி வைத்தார்.

"ஒண்ணு கேக்கட்டுமா? கோவிச்சுக்கிடக் கூடாது."

"கேளுங்க."

"அன்னைக்கு அந்தப் படத்தைக் கையில வாங்கின உடனே பிடிச்சீங்க. எவ்வளவு சுத்தமான படம். டைரக்டருக்குத் தோணல, கமிட்டிக்கும் தோணியிருக்காது. ஆராய்ச்சியிலயே தலை நரைச்சவன், எனக்கே தோணல. உங்களுக்கு மட்டும் எப்படித் தோணிச்சு?"

டாக்டரம்மா தம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"அதே மாதிரி ஒரு படம் நான் எடுத்திருக்கேன், அண்ணாச்சி."

தளவாய் சார் நிமிர்ந்து பார்த்தார்.

"பன்னெண்டு வருஷம் முன்னால. வேற ஊரு, வேற பயிரு. நான் முதல் முதல்ல கையெழுத்துப் போட்ட கோப்பு அதுதான். நாலு வருஷம் கழிச்சு வேற வேலையா ஒரு ஜெல் ஓட்டும்போதுதான் என் படத்துல என்ன தப்புன்னு எனக்கே தெரிஞ்சுது."

"அதுவரைக்கும் யாரும் ஒரு கேள்வி கேக்கலையா?"

"கேக்கலை. பாராட்டினாங்க. பரிசுகூடக் கொடுத்தாங்க."

"அந்தப் பயிரு என்னாச்சு?"

"வெளியவே வரலை. விளைச்சல் பத்தலைன்னு நிறுத்திட்டாங்க."

தளவாய் சார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"அப்பாடா! அப்ப ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல."

"ஆகலை, அண்ணாச்சி. ஆனா அதுக்குக் காரணம் நான் இல்லை."